தீப்பொறி தந்தவர், ஈயமும் தந்தவர்: சார்லஸ் கெட்டரிங்

உத்திரமேரூரில் எந்த ஒர்க் ஷாப்பில் போய், செல்ஃப் சுத்துது ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு சொல்லிப் பாருங்க. மெக்கானிக் உடனே ரெண்டு கேள்விக்குத்தான் பதில் தேடுவார். பிளக்குல கரண்ட் வருதா? பெட்ரோல் வருதா? டிகிரி படித்தவரோ படிக்காதவரோ, பெட்ரோல் வண்டியில் தேடல் அங்கேதான் தொடங்கும்.

இந்த ஒரு வரியில் மூன்று விஷயம் இருக்கு. சுத்துகிற செல்ஃப், பிளக்கில் வரும் கரண்ட், டேங்கில் இருக்கும் பெட்ரோல். முதல் இரண்டையும் காரில் நம்பகமாக வேலை செய்ய வைத்தவர் ஒரே ஆள். மூன்றாவதில் ஏறத்தாழ நூறு வருஷம் விஷம் கலந்திருந்ததற்கும் அவரே ஒரு முக்கியக் காரணம். அவர் பெயர் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங். நம்ம ஆட்டோமொபைல் புத்தகத்தில் 'கெட்டரிங் இக்னிஷன் சிஸ்டம்' என்று ஒரு படத்தோடு முடித்துவிடுகிறார்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை எஞ்சினியரிங் படிக்கிற நாம் ஒரு தடவையாவது முழுசாகப் படிக்கணும்.

கண் வலியும் டெலிபோன் கம்பமும்

கெட்டரிங் பிறந்தது 1876 ஆகஸ்ட் 29 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், லவுடன்வில் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில். விவசாயக் குடும்பம். சின்ன வயசிலிருந்தே கண் பார்வையில் கோளாறு. கொஞ்ச நேரம் படித்தாலே தலைவலி பிய்க்கும். பள்ளி முடித்ததும் கிராமப் பள்ளிகளில் வாத்தியாராக வேலை பார்த்தார். பிறகு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் ஒத்துழைக்கவில்லை, படிப்பை நடுவில் விட வேண்டியதாயிற்று.

வீட்டில் உட்காராமல் டெலிபோன் கம்பெனியில் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் ஆட்களோடு வேலைக்குப் போனார். குழி தோண்டுவதில் ஆரம்பித்துச் சீக்கிரமே அந்தக் குழுவுக்கே ஃபோர்மேன் ஆனார். எங்கே கம்பி அறுந்திருக்கு, எந்த இணைப்பு தளர்ந்திருக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் இங்கேதான் அவருக்குக் கைவந்தது. உடம்பும் தேறியது. திரும்பக் கல்லூரிக்குப் போய், 1904-ல், 27 வயதில், எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் பட்டம் வாங்கினார். இப்போ நம்மில் சில பேருக்கு ஒரு அரியர் விழுந்தாலே வாழ்க்கை முடிந்துபோன மாதிரி இருக்கு. அவருக்கு டிகிரி கையில் வந்தபோது வயசு 27.

கல்லாப்பெட்டியில் கிடைத்த யோசனை

முதல் வேலை டேட்டன் நகரில், நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில். அப்போது கடைகளில் இருந்த கல்லா இயந்திரத்தைக் கையால்தான் இயக்க வேண்டும். அதை மின்சாரத்தில் ஓட வைக்கணும் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. அந்த விசைக்கு ஏற்ற மோட்டார் போட்டால் கல்லாவைவிட மோட்டார் பெருசாகிவிடும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டார்கள்.

கெட்டரிங் கணக்கை வேறு விதமாகப் போட்டார். கல்லாவின் மோட்டார் நாள் முழுக்க ஓடப் போவதில்லை. ஒரு நொடி ஓடும், நிற்கும். அந்த ஒரு நொடிக்குச் சின்ன மோட்டாருக்குள் அதன் அளவை மீறி மின்சாரம் செலுத்தினாலும் அது சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கார் ஸ்டார்ட்டரில் இதே யோசனைதான் திரும்ப வரும்.

கொட்டகையில் பிறந்த டெல்கோ

அதே கம்பெனியில் இருந்த எட்வர்ட் டீட்ஸ் என்பவர் கார் பைத்தியம். இருவரும் சேர்ந்து, டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ராத்திரி நேரங்களிலும் லீவு நாட்களிலும் கார் வேலை பார்க்க ஆரம்பித்தார்கள். கம்பெனி நண்பர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். 1909-ல் இதிலிருந்து பிறந்ததுதான் 'டெல்கோ'. டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி என்பதன் சுருக்கம்.

முதலில் கை வைத்தது இக்னிஷனில். அன்றைய பல கார்களில் டிரெம்ப்ளர் காயில் இருந்தது. மின்மணி அடிப்பதுபோல் அதன் தகடு படபடவென்று அதிர்ந்து, ஒரு தடவைக்குப் பல பொறிகளை வரிசையாகக் கொட்டும். உலர் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும், நேரமும் துல்லியமாக இருக்காது. கெட்டரிங் பல பொறிக்குப் பதிலாகச் சரியான நேரத்தில் ஒரே ஒரு வலுவான பொறி விழும்படி செய்தார். பேட்டரியின் ஆயுள் பல மடங்கு கூடியது. காடிலாக் கம்பெனியின் ஹென்றி லீலாண்ட் அதைப் பார்த்துவிட்டு 1910 மாடலுக்காக ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்தார். கொட்டகைக் கம்பெனி நிஜக் கம்பெனி ஆனது.

தத்துவம் சிம்பிள். காயிலின் பிரைமரி சுற்றில் பேட்டரி மின்சாரம் ஓடிக் காந்தப்புலத்தைக் கட்டும். சரியான நேரத்தில் அந்த மின்சாரத்தைப் பட்டென்று துண்டிக்கணும். காந்தப்புலம் சரியும்போது, ஆயிரக்கணக்கான சுற்றுகள் உள்ள செகண்டரியில் பல்லாயிரம் வோல்ட் எழும். அதுதான் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகக் குதிக்கும். துண்டிக்கிற வேலையைச் செய்வது காண்டாக்ட் பாயிண்ட். துண்டிக்கும்போது பாயிண்ட் கருகாமல் காப்பது கண்டன்சர். அம்பாசிடர், பத்மினி, பழைய புல்லட் எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். பாயிண்ட்டை எமரி ஷீட்டால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து கேப் பார்த்த மெக்கானிக் அத்தனை பேரும் கெட்டரிங் போட்ட பாதையில்தான் நடந்தார்கள்.

1970-களில் பாயிண்ட்டின் இடத்துக்கு டிரான்சிஸ்டர் வந்தது. அதுதான் இக்னிஷன் மாட்யூல். வேலை அதேதான், பிரைமரி மின்சாரத்தைச் சரியான நேரத்தில் வெட்டுவது. தேய்மானம் இல்லை, ஆனால் சூடு அதற்கு எமன். வண்டி காலையில் ஜம்முனு ஸ்டார்ட் ஆகி, அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் நின்று, ஆறவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகுதுன்னா, சந்தேகப்பட வேண்டிய பொருட்களில் மாட்யூலும் ஒன்று. அதுக்காக உடனே புதுசு வாங்கிடாதீங்க. வரிசைப்படி பார்க்கணும். பிளக்கில் பொறி வருதா? வரவில்லை என்றால் காயிலின் பாசிட்டிவில் 12 வோல்ட் இருக்கா? காயிலின் பிரைமரி, செகண்டரி ரெசிஸ்டன்ஸ் சரியா? டிஸ்ட்ரிபியூட்டரின் பிக்கப்பிலிருந்து மாட்யூலுக்கு சிக்னல் போகுதா? எர்த் சரியா இருக்கா? உள்ளே போவது எல்லாம் சரி, மாட்யூல் மட்டும் காயிலை வெட்டவில்லை என்றால்தான் குற்றவாளி அது. மாற்றும்போது அடியில் தெர்மல் பேஸ்ட் தடவ மறந்தால் புதுசும் சீக்கிரம் போகும்.

நடுவில் இருக்கும் பொருள் மேல் குற்றம் சாட்டும் முன் அதற்கு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்க்கணும். இந்த ஒழுங்கு கெட்டரிங் வாழ்க்கையில் எப்படி வேலை செய்தது, எங்கே நின்றுபோனது என்பதுதான் மீதிக் கதை.

கை ஒடிக்கும் ஹேண்டில்

அன்றைக்கு காரை ஸ்டார்ட் பண்ண முன்னால் நின்று இரும்பு ஹேண்டிலைச் சுத்த வேண்டும். பொறி கொஞ்சம் முந்தி விழுந்தால் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் எரிப்பு தொடங்கி எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். ஹேண்டில் திரும்பி அடித்துக் கை, மணிக்கட்டு, தாடை ஒடியும். லீலாண்டுக்குத் தெரிந்த ஒருவரே அப்படி அடிபட்டதில் இறந்தார் என்றும், அதற்குப் பிறகுதான் ஹேண்டில் இல்லாத கார் வேண்டும் என்று அவர் கெட்டரிங்கிடம் போனார் என்றும் ஒரு கதை உண்டு.

இங்கே கல்லாப்பெட்டி யோசனை திரும்ப வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் சில நொடிதானே ஓடணும்? சின்ன மோட்டாருக்கு நிறைய மின்சாரம், கொஞ்ச நேரம். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதே இயந்திரம் ஜெனரேட்டராக மாறி பேட்டரியைச் சார்ஜ் செய்யும். அந்த பேட்டரியிலிருந்தே இக்னிஷன், அதிலிருந்தே விளக்கு. 1911 பிப்ரவரியில் காடிலாக்கில் ஓட்டிக் காட்டினார், 1912 மாடலில் விற்பனைக்கு வந்தது. லண்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் அந்தக் காருக்கு டெவார் கோப்பை கொடுத்தது. பலசாலிகள் மட்டுமே ஸ்டார்ட் செய்ய முடிந்த வண்டியை இனி யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றானது.

தவறான சந்தேகம், சரியான விசாரணை

கார் எஞ்சின்களின் கம்ப்ரஷன் கூடக் கூடப் புதுப் பிரச்சினை தலைதூக்கியது. மேடு ஏறும்போது எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போல் சத்தம். அதுதான் நாக்கிங். மேக்னட்டோ பக்கம் இருந்தவர்கள் பழியைத் தூக்கி டெல்கோவின் பேட்டரி இக்னிஷன் மேல் போட்டார்கள். பொறி தப்பான நேரத்தில் விழுது என்பது குற்றச்சாட்டு. கெட்டரிங்கின் பெயருக்கே களங்கம்.

அவர் விவாதம் பண்ணாமல் அளந்து பார்க்கச் சொன்னார். 1916-ல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் எஞ்சினியரிடம் வேலையை ஒப்படைத்தார். சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதை ஒளிக்கோடாகப் பதியும் கருவியை மிட்ஜ்லி உண்டாக்கினார். பதிவில் உண்மை தெரிந்தது. பொறி சரியான நேரத்தில்தான் விழுகிறது. அதற்குப் பிறகு, தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் எரிபொருள் கலவை தானாகப் பற்றிக்கொண்டு வெடிக்கிறது. கோளாறு இக்னிஷனில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது.

சரி, மருந்து? பனிக்குள்ளேயே பூக்கும் ஒரு செடிக்கு இலையின் அடிப்பக்கம் சிவப்பாக இருக்கும். சிவப்பு நிறம் வெப்பத்தை நன்றாக வாங்குகிறதோ, பெட்ரோலுக்கும் சிவப்புச் சாயம் போட்டால் என்ன என்று இருவரும் யோசித்தார்கள். லேபில் தோதான சாயம் இல்லை, அயோடின் இருந்தது. போட்டார்கள். நாக்கிங் நின்றது! அடுத்து நிஜமான சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே வேலை செய்யவில்லை. நிறக் கொள்கை தப்பு. ஆனால் ஒரு துளி வேதிப்பொருளால் நாக்கிங்கை நிறுத்த முடியும் என்பது தெரிந்துவிட்டது. அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். செலீனியம், டெல்லூரியம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். டெல்லூரியத்தின் நாற்றம் உடம்பை விட்டே போகவில்லை.

1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட், அதாவது ஈயச் சேர்மம் ஒன்றைப் போட்டார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை, சத்தம் அடங்கியது.

இங்கேதான் திருப்பம்

ஈயம் விஷம் என்பது அப்போது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ரோமானியர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். வேறு வழி இல்லாமலும் இல்லை. ஆல்கஹால் கலந்தால் நாக்கிங் நிற்கும் என்று அதே லேபில் நிரூபித்திருந்தார்கள். 1921-ல் ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் காரையே ஓட்டிக் காட்டியவர் மிட்ஜ்லி. ஆனால் ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், அதற்குத் தனி உரிமை கிடையாது. கலக்கவும் நிறைய வேண்டும். ஈயம் ஒரு ஸ்பூன் போதும், காப்புரிமையும் கையில் இருக்கும்.

1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கியது. வைத்த பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற சொல்லே பெயரில் இல்லை. அதே நேரத்தில் மிட்ஜ்லி ஈய விஷம் ஏறி ஓய்வெடுக்கப் போயிருந்தார். 1924-ல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சியின் ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து எத்தில் கம்பெனியைத் தொடங்கின. முதல் தலைவர் கெட்டரிங், துணைத் தலைவர் மிட்ஜ்லி.

அந்த வருஷம் அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துப் பிதற்ற ஆரம்பித்தார்கள். சிலரைக் கட்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து பேர் செத்தார்கள். டேட்டனிலும் டீப்வாட்டர் ஆலையிலும் ஏற்கெனவே சாவுகள் நடந்திருந்தன. பத்திரிகைக்காரர்கள் முன் மிட்ஜ்லி அந்த திரவத்தைக் கையில் ஊற்றி, முகர்ந்தும் காட்டினார், ஆபத்தில்லை என்பதற்காக.

1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு சுகாதாரத் துறை கூட்டம் கூட்டியது. கம்பெனி தரப்பில் கெட்டரிங் பேசினார். எரிபொருளை மிச்சப்படுத்த இதுதான் வழி என்பது அவர்கள் வாதம். தொழிலாளர் நோய்களை ஆராய்ந்த ஹார்வர்டு மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டனும் யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சனும் எதிர்த்தார்கள். ஆலைக்குள் சாவதைவிட, தெருத்தெருவாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுவதுதான் பெரிய ஆபத்து என்பது அவர்கள் கவலை. சில மாதச் சோதனைக்குப் பிறகு, 1926-ல் அரசுக் குழு தடை செய்யக் காரணம் இல்லை என்றது. விற்பனை மறுபடி ஓடியது. அதற்குப் பிறகு பல வருஷம் ஈயத்தின் பாதுகாப்பு பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் அந்தத் தொழிலின் பணத்திலேயே நடந்தது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் அந்த ஆராய்ச்சி நடந்த ஆய்வகத்தின் பெயரே கெட்டரிங் ஆய்வகம்.

நாக்கிங்கில் தன் இக்னிஷன் மேல் பழி விழுந்தபோது, அளக்காமல் எதையும் நம்பாதவர் அவர். ஈயத்தின் விஷயத்தில் மட்டும் அந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

தோல்வியும் வெற்றியும்

அவரை வெறும் வில்லனாக நினைத்துவிடவும் முடியாது. 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கு அவர்தான் தலைவர். 1923-ல் காற்றால் குளிரும் செவர்லே எஞ்சின் என்ற அவர் கனவு படுதோல்வி. விற்ற கார்களைத் திரும்ப வாங்க வேண்டி வந்தது. மனம் உடைந்து ராஜினாமா எழுதினார், கம்பெனித் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் அவரை விடவில்லை. எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினை அவர் குழு உருவாக்கியது. 1934 மே 26 அன்று டென்வரிலிருந்து சிகாகோ வரை ஒரே ஓட்டமாகப் பாய்ந்த ஜெஃபிர் ரயில் அந்த எஞ்சினில்தான் ஓடியது. நீராவி ரயிலின் காலம் முடியத் தொடங்கியது. ஃபிரிட்ஜுக்காக மிட்ஜ்லி கண்டுபிடித்த ஃப்ரியான் வாயுவுக்குப் பின்னாலும் கெட்டரிங்தான் நின்றார். அது ஓசோனை அரிக்கும் என்பது ரொம்பப் பின்னால் தெரிந்தது. இதை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. ஈயம் அப்படி இல்லை.

1945-ல் ஸ்லோனுடன் சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். அது இன்றும் பல உயிர்களைக் காக்கிறது. கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் தொழிற்சாலை என்று மாறி மாறிப் படிக்கும் முறையை விடாமல் ஆதரித்தார். அதனால்தான் ஃபிளின்ட் நகரில் ஒரு பொறியியல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 186 காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு. 1958 நவம்பர் 25 அன்று டேட்டனில் இறந்தார்.

அவர் போன பிறகு

பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, தன் சோதனையில் எங்கே பார்த்தாலும் ஈயம் குறுக்கே வருவதைக் கண்டு, 1960-களில் அதைத் தேடிப் போனார். காற்று, கடல், பனி எல்லாவற்றிலும் மனிதன் கொட்டிய ஈயம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல ஒரு எல்லையே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியா முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரி 1 அன்று. நம்மில் பெரும்பாலோர் பிறந்தது அதற்குப் பிறகு. நம் அப்பா, அம்மா பஸ் ஸ்டாண்டில் நின்று சுவாசித்த காற்று வேறு. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. டேட்டனில் முதல் லிட்டர் விற்று 98 வருஷம் கழித்து.

இன்றைக்கு நம்ம பங்க்கில் கலந்து வருவது எத்தனால். அன்று மிட்ஜ்லி காரில் ஊற்றி ஓட்டிக் காட்டிய அதே ஆல்கஹால்.

நம்ம உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. 919, 921 என்று தேதி சொல்வார்கள். டூரிஸ்ட் வந்தால் ஓட்டுப் போடும் முறையைத்தான் காட்டுவோம். அதில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை அடுத்த முறை ஓலையில் எழுதக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. பொறுப்பில் இருந்தவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று அந்த விதி கேட்கவில்லை. கணக்கு கொடுத்தாரா என்றுதான் கேட்கிறது.

கெட்டரிங் எழுதிய கணக்கில் மைலேஜ் இருந்தது, ஹார்ஸ் பவர் இருந்தது, காப்புரிமை இருந்தது. புகைக்குழாயிலிருந்து வெளியே போன ஈயம் எங்கே போய்ச் சேருது என்ற பத்தி காலியாக இருந்தது. நாளைக்கு நாம ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும்போதும், வேலைக்குப் போன இடத்தில் ஒரு டிசைனில் கையெழுத்துப் போடும்போதும் அந்தப் பத்தி இருக்கும். அதை நிரப்பச் சொல்லி யாரும் கேட்க மாட்டாங்க. நாமாகத்தான் நிரப்பணும்.